வயலட்டைப் பெண் பார்க்க வந்தவர்கள்

பெர்னதெத் மிஸ் கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடியதும் பாதி வகுப்பு பெஞ்சை விட்டு எழுந்துவிட்டது. எல்லோரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள்.

"அவ்ளோதானா மிஸ்?"

"இன்னொரு பக்கம் இருக்கும் மிஸ். ஒட்டிக்கிட்டிருக்கும், பிரிச்சுப் பாருங்க!"

ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. நாவல் அங்கேயேதான் முடிந்தது.

அது 1997. காக்ஸ் டவுனில், தேவாலயத்தை ஒட்டிய ஆங்கிலப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் கன்னடம் எடுத்திருந்தார்கள், மீதியில் பாதி இந்தி. தமிழ் எடுத்த கொஞ்சம் பேருக்கு மாடிப்படியை ஒட்டிய சின்ன அறையைக் கொடுத்திருந்தார்கள். பாடங்களைச் சீக்கிரமே முடித்துவிட்ட பெர்னதெத் மிஸ், அந்த வருடம் புதிதாக வெளிவந்த ஒரு நாவலை வாங்கிவந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக் காட்டினார். பெயர் 'கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ஒரு குடை'. எழுதியவர் ஆதிகேசவன். அல்சூர்க்காரர்.

நாவலின் நாயகி வயலட். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அப்பா அம்மா இறந்துபோக, இரண்டு தம்பிகளை வளர்த்துப் படிக்கவைத்து வேலையில் அமர்த்துகிறாள். அதற்குள் முப்பது தாண்டிவிடுகிறது. சேவியர் என்று ஒருவன் அவளை விரும்புவதாகச் சொல்கிறான். ஸ்டேஷனுக்கு வா, பேசுவோம் என்கிறான். அவள் போகிறாள். மழை பெய்கிறது. அவன் வரவில்லை. அவள் குடையை விரிக்காமல் நிற்கிறாள். முற்றும்.

"இது என்ன மிஸ் அநியாயம்!" என்றான் ரகுராம். அவன் அப்பா அரசாங்கத்தில் என்ஜினியர். வீட்டில் பாதி தமிழ், பாதி கன்னடம் பேசுவார்கள். "தம்பிங்க ரெண்டு பேரும் எங்க போனாங்க? ஒருத்தனாவது ஆட்டோ பிடிச்சு வந்திருக்கலாம்ல?"

பெர்னதெத் மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்தது. "எழுதினவரு எழுதி முடிச்சுட்டாரு. இனிமே உங்க முறை. கட்டுரை வேண்டாம். படம் போடுங்க, பாட்டு கட்டுங்க, பொம்மை பண்ணுங்க, என்ன வேணா செய்யுங்க. வயலட்டுக்காக ஏதாவது ஒண்ணு. வெள்ளிக்கிழமை என் கையில இருக்கணும். எல்லாத்தையும் சேர்த்து ஒரு கண்காட்சி வைப்போம். எழுத்தாளருக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன். திங்கட்கிழமை வந்தாலும் வருவாரு. வந்தா மரியாதையா நடந்துக்கங்க."

அறை முழுக்க வேலை ஆரம்பமானது. ரகுராம் பாட்டா செருப்பு டப்பா ஒன்றில் ஓட்டை போட்டு, ஒயர் சொருகி, ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் செய்தான். இன்னொருவன் ஸ்டேஷனை வரைந்தான். அதில் மழை நின்றிருந்தது. மூன்று பெண்கள் சேர்ந்து சேவியரைத் திட்டி ஒரு கும்மி கட்டினார்கள்.

சங்கமித்ராவுக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை. அவள் அல்சூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அம்மா கார்மென்ட்ஸில் தையல் வேலை, அப்பா பெயின்டர். வீட்டில் அவளுடைய சின்னம்மாவும் இருந்தாள். கடந்த இரண்டு வருடத்தில் சின்னம்மாவைப் பலமுறை பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் பஜ்ஜித் தட்டைத் தூக்கிக்கொண்டு போனவள் சங்கமித்ராதான். "பொண்ணு சமையல்ல புலி" என்று தரகர் சொல்லும்போது அடுப்படியில் நின்று சின்னம்மாவும் அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். சின்னம்மாவுக்கு ரசம்கூட ஒழுங்காக வராது.

அந்த ஞாபகத்தில்தான் அவளுக்கு யோசனை வந்தது. வயலட்டுக்கு ஒரு மணமகன் தேவை விளம்பரம் எழுதினால் என்ன? பொய்யே இல்லாமல்?

வியாழக்கிழமை மதியம் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினாள்.

'மணமகன் தேவை. பெயர் வயலட். வயது முப்பத்தொன்று, குறைத்துச் சொல்லவில்லை. டெலிபோன் ஆபரேட்டர். சமையல் சுமார், பருப்பு அடிக்கடி தீய்ந்துபோகும். தாய் தந்தை இல்லை. இரண்டு தம்பிகளை ஆளாக்கிவிட்டார். இனி தனக்காகக் கொஞ்சம் வாழ நினைக்கிறார். கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும். நிறம் கேட்க வேண்டாம். நகை கேட்க வேண்டாம். நாள் முழுக்க ஊரார் பேச்சைக் கேட்டுக் காது களைத்தவர் என்பதால், குறைவாகப் பேசுகிறவராக இருந்தால் நல்லது. மழையில் நடக்கலாமா என்று கேட்டால் கூட நடக்க வேண்டும்.'

அடியில், வீட்டுப்பாடத்தில் எழுதுகிற மாதிரி, 'பெர்னதெத் மிஸ், ஒன்பதாம் வகுப்பு' என்றும் பள்ளியின் பெயரையும் எழுதினாள்.

ரகுராம் வாங்கிப் படித்துவிட்டு, "செம மித்ரா! ஆனா கையெழுத்துல இருந்தா விளம்பரம் மாதிரி இல்ல. அச்சடிச்ச மாதிரி இருக்கணும். சர்ச் ஆபீஸ்ல ரெமிஜியஸ் அங்கிள்கிட்ட கம்ப்யூட்டர் வந்திருக்கு, தமிழ்ல அடிக்குது. குடு, நான் அடிச்சு வாங்கிட்டு வரேன்" என்றான்.

ரெமிஜியஸ் அந்தச் சர்ச்சின் பங்கு அலுவலகக் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற பங்கு மடலைத் தயாரிப்பவரும் அவர்தான். திருவிழா நேரம். மேஜை நிறையக் காகிதம். ரகுராம் நீட்டியதை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டு, "நாளைக்கு வாப்பா" என்றார். மறுநாள் அச்சடித்த தாளைக் கொடுத்தார். அதே விளம்பரத்தை மடலின் கடைசிப் பக்கத்திலும், 'தொடர்புக்கு: செல்வி பெர்னதெத்' என்று சேர்த்துப் போட்டுவிட்டார் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே பெர்னதெத் மிஸ் அக்கா குழந்தையின் ஞானஸ்நானத்துக்காக கோலார் தங்கவயல் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை மடலை அவர் பார்க்கவில்லை. வகுப்பில் பூசைக்குப் போகிற பிள்ளைகள் கடைசிப் பக்கத்தைப் படிக்கிற வயதில் இல்லை.

திங்கட்கிழமை மிஸ் இன்னும் வந்து சேரவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு, செய்ததையெல்லாம் மேஜையில் பரப்பி வைத்திருந்தார்கள். எழுத்தாளருக்கு ஒரு பூச்செண்டும் தயாராக இருந்தது. பதினொரு மணி சுமாருக்கு வாட்ச்மேன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள், கையில் கேக் டப்பா. பின்னால் இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை போட்ட, மீசையை நன்றாகக் கத்தரித்த ஒருவர். முப்பத்தைந்து வயது இருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பெர்னதெத் டீச்சரைப் பார்க்கணும்னாங்க. வயலட் விஷயமாம்" என்று சொல்லிவிட்டு வாட்ச்மேன் போய்விட்டார்.

வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது. "வணக்கம் சார்!"

ரகுராம் ஓடிவந்து பூச்செண்டை அந்த மனிதரின் கையில் திணித்தான். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் பூச்செண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். அம்மாளுக்கோ முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியாடா, என்ன மரியாதை! நல்ல இடம்" என்று மகனிடம் மெல்லச் சொன்னாள். பிறகு பிள்ளைகளிடம், "டீச்சர் இல்லையா கண்ணு? வயலட்டைப் பத்திப் பேசத்தான் வந்தோம்" என்றாள்.

"மிஸ் இப்ப வந்துருவாங்க ஆன்ட்டி. நீங்க பாருங்க, எல்லாம் ரெடியா இருக்கு" என்றான் ரகுராம். செருப்பு டப்பாவைக் காட்டினான். "இதுதான் வயலட் வேலை பாக்குற எக்ஸ்சேஞ்ச். இந்த ஒயர் மைசூருக்கு, இது மெட்ராஸுக்கு."

"அடடா! பிள்ளைங்களுக்கு வயலட் மேல எவ்ளோ பிரியம்!"

"பிரியமா? நாங்க எல்லாரும் அழுதோம் ஆன்ட்டி!"

சங்கமித்ராவுக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எழுத்தாளரை நேரில் பார்த்தால் இதைத்தான் கேட்க வேண்டும் என்று இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் வந்து நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? வயலட்டை ஏன் சார் ஸ்டேஷன்ல அப்படித் தனியா விட்டுட்டுப் போனீங்க?"

அந்த மனிதர் நிமிர்ந்தார். "எ... எந்த ஸ்டேஷன்?"

"கன்டோன்மென்ட் ஸ்டேஷன். கொட்டுற மழையில."

"நா... நான் விடலியே!"

"நீங்கதானே சார் விட்டீங்க! வேற யாரு?"

அம்மாளின் முகம் மாறியது. மெல்ல மகன் பக்கம் திரும்பினாள். "டென்சில். இந்தப் பொண்ணை உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"இ... இல்ல மம்மி! சத்தியமா!"

"மழையில ஒரு பொம்பளப் பிள்ளைய நிக்க வச்சுட்டு, வீட்டுல வந்து ஒண்ணும் தெரியாத மாதிரி சோறு தின்னியாடா?" அம்மாள் பக்கத்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"டென்சில்னா? ஆதிகேசவன் இல்லியா?" என்று யாரோ கேட்டார்கள்.

"சும்னே இரு. எழுத்தாளருங்களுக்கு ரெண்டு பேரு இருக்கும்" என்று ரகுராம் வீட்டுக் கன்னடம் கலந்து அதட்டினான்.

அம்மாள் கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தாள். "நீங்கல்லாம் என்ன சொல்றீங்கன்னே புரியல கண்ணு. நாங்க இதைப் பாத்துட்டுத்தான் வந்தோம்."

சங்கமித்ரா எட்டிப் பார்த்தாள். பங்கு மடல். கடைசிப் பக்கம். 'பருப்பு அடிக்கடி தீய்ந்துபோகும்.' அவளுடைய வாக்கியம்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெர்னதெத் மிஸ் தோளில் ஊர்ப் பையோடு, மூச்சு வாங்க உள்ளே நுழைந்தார். "யாரு வந்திருக்காங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டவர், வகுப்பின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

சங்கமித்ராதான் சொன்னாள். "ஆன்ட்டி... வயலட்டுனு யாரும் இல்ல. அவங்க ஒரு கதையில வர்றவங்க. இந்த விளம்பரத்தை நான்தான் எழுதினேன், கிளாஸுக்காக. இது எப்படி அச்சுல வந்துச்சுன்னு எனக்குத் தெரியல."

அந்த அம்மாளின் பெயர் ஸ்டெல்லா. அவளுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்த பிறகு அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"என் பையனுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும், டீச்சர். நாலு வீட்டுல பொண்ணு பார்த்தோம். ஒரு வீட்டுல இவன் பேசும்போது பொண்ணோட தங்கச்சி சிரிச்சுட்டா. அன்னையிலருந்து கல்யாணப் பேச்சே வேண்டாம்னுட்டான். நேத்து பூசை முடிஞ்சு மடலைப் படிச்சுட்டு, தானா வந்து, மம்மி இந்த இடத்துக்குப் போலாமான்னு கேட்டான்." விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். குறைவாகப் பேசுகிறவராக இருந்தால் நல்லது. "இந்த மாதிரி ஒரு பொண்ணு நிஜமா இருக்கான்னு நான் மாதா முன்னாடி நின்னு அழுதேன்."

எழுந்து விறுவிறுவென்று வெளியே நடந்தாள். டென்சில் பூச்செண்டை மெதுவாக மேஜையில் வைத்தார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"அ... அந்த புக்கு," என்றார் சங்கமித்ராவிடம். "ப... படிச்சுட்டுத் தரட்டுமா?"

அவள் நாவலை எடுத்து நீட்டினாள்.

விஷயம் மதியத்துக்குள் தலைமை ஆசிரியை சிஸ்டரிடம் போய்விட்டது. பெர்னதெத் மிஸ்ஸை உள்ளே கூப்பிட்டு வைத்துக் கேட்ட கேள்விகள் வராந்தா வரை கேட்டன. என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா? இதுவே கட்டுரையாக இருந்திருந்தால் யாராவது பெண் கேட்டு வந்திருப்பார்களா? ரெமிஜியஸையும் வரவழைத்தார்கள். "நான் அடிக்கிறவன் சிஸ்டர். படிக்கிறவன் இல்ல" என்றார் அவர், மிகவும் வருத்தமாக. கடைசியில், கண்காட்சி ரத்து என்று முடிவானது. பெர்னதெத் மிஸ் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சலுகை வாங்கினார். அந்தக் குடும்பம் மனதார மன்னித்தால் கண்காட்சியை நடத்தலாம்.

"நான் போய் மன்னிப்புக் கேக்குறேன் மிஸ்" என்றாள் சங்கமித்ரா. "நீங்க வர வேண்டாம். எழுதினது நான்."

"அடிக்கக் குடுத்தது நான். நானும் வரேன்" என்றான் ரகுராம், அவ்வளவு சந்தோஷமில்லாமல்.

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் வீலர் ரோடிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தார்கள். ஓட்டு வீடு. முன்னால் ரோஜாத் தொட்டிகள். ஸ்டெல்லா அம்மாள் கதவைத் திறந்து, சிரிக்காமல், "உக்காருங்க" என்றாள்.

சங்கமித்ரா உட்காரவில்லை. பஸ்ஸில் தயாரித்து வைத்திருந்த மன்னிப்பு மறந்துபோய்விட்டது. "ஆன்ட்டி, யாரையும் கேலி பண்ணணும்னு எழுதல. எங்க சின்னம்மாவைப் பொண்ணு பாக்க வருவாங்க. ஒவ்வொரு தடவையும் பொய்யாவே சொல்லுவாங்க. வயலட்டுக்காவது உண்மையா ஒண்ணு எழுதணும்னு நினைச்சேன்."

"பொய்யா எழுதியிருந்தா எனக்கு ஒண்ணும் இல்லடி" என்றாள் ஸ்டெல்லா அம்மாள். "எல்லாரும் பொய்தான் எழுதுறாங்க. நானே எழுதியிருக்கேன், பையன் நல்லாப் பேசுவான்னு. நீ எழுதினது உண்மை மாதிரியே இருந்துச்சு. அதான் வலிச்சுது."

அப்போது உள்ளேயிருந்து டென்சில் வந்தார். கையில் நாவல். கண் சிவந்திருந்தது.

"ரெ... ரெண்டு தடவை படிச்சேன்" என்றார். "அந்த சே... சே..."

"சேவியர்" என்று எடுத்துக் கொடுத்தான் ரகுராம்.

"மு... முடிக்காத. நானே சொல்றேன்." கோபமில்லாமல்தான் சொன்னார். ரகுராம் நாக்கைக் கடித்துக்கொண்டான். "சேவியர். அவன் வர முடியலன்னா ஒரு போன் பண்ணலாம்ல? அவ எ... எக்ஸ்சேஞ்சுலதான வேலை பாக்குறா? யாருக்கு வேணா லைன் குடுக்குறா. அவளுக்கு ஒருத்தனும் ப... பண்ணல."

சங்கமித்ராவுக்கு அது தோன்றியிருக்கவே இல்லை. வகுப்பில் யாருக்குமே தோன்றவில்லை.

"அன்னைக்கு நீ கேட்டப்ப நான் விடலன்னு சொன்னேன்" என்றார் டென்சில். "ப... படிச்சப்புறம், நான்தான் விட்டுட்டு வந்த மாதிரி இருந்துச்சு."

பிறகு ரகுராமைப் பார்த்தார். "உன் டப்பா எக்ஸ்சேஞ்ச் ந... நல்லா இருக்கு. ஆனா அதுல மணி அடிக்காதுல்ல."

"பொம்மைதானே அங்கிள்."

"அடிக்க வைக்கலாம்."

டென்சில் விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன பட்டறை வைத்திருந்தார். அதில் உடைந்த ரேடியோ, மிக்ஸி, மின்விசிறி எல்லாம் கிடந்தன. சிவாஜி நகர் பழைய சாமான் கடையில் வாங்கிய இரண்டு கறுப்பு டெலிபோன்களை எடுத்துத் தூசி தட்டினார். ஒயர், பேட்டரி, ஒரு மணி. ஒன்றைக் கொல்லையிலும் இன்னொன்றை முன்னறையிலும் வைத்து இணைத்தார். மதியம் ஸ்டெல்லா அம்மாள் சோறு போட்டாள். இன்னும் முழுசாகச் சிரிக்கவில்லை என்றாலும், சைவம் என்று சொன்ன ரகுராமுக்குத் தனியாக உருளைக்கிழங்கு வறுத்தாள். சாயங்காலம் மணி அடித்தது. ரகுராம் கொல்லையில் போனை எடுத்து, "ஹலோ, யார் பேசறது?" என்று கத்தியது போன் இல்லாமலேயே தெருவுக்குக் கேட்டது.

"மித்ரா, ஒரு ஐடியா" என்று ஓடிவந்தான். "வர்றவங்க எல்லாரும் வயலட்டுக்கு போன் பண்ணட்டும். அந்தப் பக்கம் நீ எடு. நீதான் வயலட்!"

ஸ்டெல்லா அம்மாள் மன்னித்துவிட்டதாக இரண்டு வரி எழுதிக் கொடுத்தனுப்ப, கண்காட்சி அடுத்த வெள்ளிக்கிழமை நடந்தது. தலைமை ஆசிரியை முதல் ஆளாக வந்து எல்லாவற்றையும் சந்தேகமாகப் பார்த்தார். வகுப்பறை மேஜையில் ஒரு போன். சன்னல் வழியாக ஒயர் போய், பக்கத்து சாமான் அறையில் இன்னொரு போன். அங்கே பழைய மேப்புகளுக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவில் சங்கமித்ரா உட்கார்ந்திருந்தாள். தனக்கு இவ்வளவு பயமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

முதலில் பிள்ளைகள் பேசினார்கள். 'பருப்பை ஏன் வயலட் தீய விடுறீங்க?' 'லைன்ல யாராவது வந்து பேச ஆரம்பிச்சுடுறாங்கப்பா, அடுப்பு மறந்துபோகுது.' பதில்கள் தானாக வந்தன. பயம் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அவளுக்கு இது மஜாவாகவே இருந்தது.

பிறகு ஒரு கனமான குரல் வந்தது. "வயலட், நான் ஆதிகேசவன் பேசறேன்."

உண்மையான எழுத்தாளர். வழுக்கைத் தலை, கையில் பேங்க் பெயர் போட்ட துணிப்பை, பஸ்ஸில் வந்திருந்தார். சங்கமித்ராவுக்கு அது தெரியாது. குரல் மட்டும்தான் கேட்டது.

"சார், என்னை ஏன் அப்படியே விட்டுட்டீங்க?"

"அதுக்கு மேல எழுதிப் பார்த்தேம்மா. பத்துப் பக்கம் எழுதினேன். எல்லாமே பொய் மாதிரி இருந்தது. கிழிச்சுட்டேன்" என்றார். "உனக்கு என் மேல கோபமா?"

"கோபம் சீக்கிரம் வரும் சார், சீக்கிரம் போயிடும்."

அவர் அதை எல்லோருக்கும் உரக்கத் திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். வகுப்பறையில் சிரிப்பொலி எழுந்தது அவளுக்குச் சுவர் வழியாகக் கேட்டது. தலைமை ஆசிரியையும் சிரித்தார் என்று பிற்பாடு சொன்னார்கள். அதை அவள் நம்பவில்லை.

அடுத்த அழைப்பில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"வயலட்டா? நான் ஸ்டெல்லா. டென்சிலோட மம்மி."

சங்கமித்ரா போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். "சொல்லுங்கம்மா."

"உன்னைப் பாக்க வந்தோம். நீ இல்லைன்னுட்டாங்க." விளையாட்டாக ஆரம்பித்தாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று தெரியவில்லை. "சும்மா கேக்குறேன்னு வச்சுக்கோ. நீ நிஜமா இருந்திருந்தா என் பையனை உனக்குப் பிடிச்சிருக்குமா?"

சங்கமித்ராவுக்குப் பதினான்கு வயது. இதற்கெல்லாம் பதில் சொல்ல அவளுக்குத் தெரியாது. ஆனால் வயலட்டுக்குத் தெரியும் என்று தோன்றியது.

"பிடிச்சிருக்கும்மா. அவர் யோசிச்சுப் பேசறாரு. நான் எக்ஸ்சேஞ்சுல கேட்ட பேச்சுல முக்காவாசி யோசிக்காம பேசினது." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா நான் புத்தகத்தை விட்டு வர முடியாதேம்மா. வெளியில இருக்குற பொண்ணுங்க யாருக்காவது அவரைப் பத்தித் தெரிஞ்சா சரி. நல்லாப் பேசுவாருன்னு எழுதினா எப்படித் தெரியும்? அவரு எப்படியோ அப்படியே எழுதணும்."

"அப்படி எழுத யாரு இருக்கா?"

"ஒன்பதாம் வகுப்புல ஒரு பொண்ணு இருக்காம்மா. அவகிட்ட கேளுங்க."

ஸ்டெல்லா அம்மாள் போனை வைத்துவிட்டு நேராக சாமான் அறைக்கு வந்தாள். கதவைத் தள்ளித் திறந்து, நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள். "எழுந்து வாடி. கேக் கொண்டு வந்திருக்கேன்."

டென்சிலின் விளம்பரத்தை எழுத சங்கமித்ராவுக்கு ஒரு வாரம் ஆனது. பட்டறையில் உட்கார்ந்து அவரிடம் கேள்வி கேட்டாள். ரகுராம் பக்கத்தில் இருந்து ஸ்க்ரூ எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தான். பெர்னதெத் மிஸ் ஒற்றுப்பிழை மட்டும் திருத்தினார். 'பேச்சு திக்கும். அவசரப்படுத்தினால் இன்னும் திக்கும். காத்திருந்தால் நல்லதாகச் சொல்வார். உடைந்த எதையும் தூக்கிப் போட மாட்டார், அதனால் வீட்டில் இடம் குறைவு. மீன் குழம்பு வைப்பார். நாவல் படித்தால் அழுவார்' என்று போனது அது. ரெமிஜியஸ் இந்த முறை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பிறகும் சந்தேகம் தீராமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு வீலர் ரோடு போய், டென்சில் என்று ஒருவர் இருக்கிறாரா என்று நேரில் பார்த்துவிட்டு வந்துதான் அச்சடித்தார்.

நிறையப் பேர் கேட்டு வந்தார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் வந்தார்கள். அதில் லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு பெண். ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன். பெயர் ஜெசிந்தா. அம்மா அப்பாவை அனுப்பாமல் தானே ஒரு சனிக்கிழமை ஸ்கூட்டியில் வந்து இறங்கி, "எங்க வீட்டு மிக்ஸி ரிப்பேர், பாப்பீங்களா?" என்று கேட்டாள். டென்சில் பார்த்தார். சரிசெய்ய மூன்று சனிக்கிழமை ஆனது. அவ்வளவு நாள் ஆகிற வேலையில்லை என்று பட்டறையில் எடுபிடியாக இருந்த ரகுராமுக்குத் தெரியும். அவன் வாயைத் திறக்கவில்லை.

ஈஸ்டர் முடிந்து கல்யாணம். பெர்னதெத் மிஸ்ஸின் வகுப்பு மொத்தமும் போனது. எழுத்தாளர் ஆதிகேசவனும் வந்து, ஓரமாக உட்கார்ந்து, எல்லோர் பேச்சையும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹாலில் ஒரு சின்ன பேண்ட் வாசித்துக்கொண்டிருந்தது. சங்கமித்ராவும் ரகுராமும் பரிசைக் கொடுக்க மேடைக்குப் போனபோது, ஜெசிந்தா வெள்ளை கவுனை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"நீதான் எழுதினவளா? எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க. ஒண்ணை மட்டும் விட்டுட்ட."

"என்னக்கா?" என்றாள் சங்கமித்ரா.

"இவரு நல்லாப் பாடுவாரு. பாடும்போது ஒரு இடத்துலகூட நிக்காது."

"அது எனக்குத் தெரியாதேக்கா! எங்ககிட்ட சொல்லவே இல்ல."

"எனக்கும் போன வாரம்தான் தெரியும்" என்றாள் ஜெசிந்தா.

டென்சில் காது வரை சிவந்துபோய் நின்றார். ஸ்டெல்லா அம்மாள் கீழேயிருந்து கையைக் காட்டி, "பாடுடா, பாடு!" என்றாள். பேண்ட்காரர் ஒருவர் மைக்கை நீட்டினார். டென்சில் அதை வாங்கிக்கொண்டு ஜெசிந்தாவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டார். முதல் வரி ஹாலின் கடைசி வரிசை வரை போனது. பந்திக்கு எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ரகுராம் சங்கமித்ராவின் கையைப் பிடித்து இழுத்தான். முன் வரிசையில் இரண்டு நாற்காலி காலியாகியிருந்தது. வேறு யாரும் பிடிப்பதற்குள் ஓடிப்போய் உட்கார்ந்தார்கள்.